G-யா, N-ஆ, டார்லீன்?

பீங்கான் வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால்தான் நான் மெடிகேர் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் இரண்டும் அடுத்தடுத்த அறைகளில் நடந்தன. அங்கே களிமண் பிசைந்தார்கள். இங்கே, அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீட்டை அவர்களுக்கே விளக்கிச் சொல்லத் தொண்டர்களைத் தயார் செய்தார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் போக வேறு இடமில்லை.

வகுப்பை நடத்திய மிஸ் பெலாங்கர் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொன்னார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவற்றை ஒப்பிக்க வேண்டும் என்றார்.

“பார்ட்னா கவர்ன்மென்ட். பிளான்னா கம்பெனி. மாத்திச் சொன்னீங்க, தொலைஞ்சீங்க.”

அரசாங்கக் காப்பீட்டின் பகுதிகளுக்கு பார்ட் A, பார்ட் B என்று பெயர். ஆஸ்பத்திரியில் படுத்தால் A. டாக்டரைப் பார்த்தால் B. டாக்டர் செலவில் ஐந்தில் நான்கு பங்கை அரசாங்கம் கட்டிவிடும். மீதி ஒரு பங்கு நம் தலையில். அது எவ்வளவு ஏறினாலும் அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணைக் காப்பீடுகளுக்குத்தான் பிளான் என்று பெயர். அவற்றுக்கும் A, B, G, N என்று எழுத்துகள். உலகத்தில் வேறு எழுத்துகளே இல்லாதது போல இரண்டுக்கும் ஒரே எழுத்துகளை வைத்தது யார் என்று கையைத் தூக்கிக் கேட்டேன்.

“அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க” என்றார் மிஸ் பெலாங்கர். “ரெண்டாவது விஷயம். விளக்கலாம், ஒப்பிட்டுக் காட்டலாம். ஆனா எதை வாங்கணும்னு மட்டும் நீங்க சொல்லக் கூடாது. ‘இதை எடுங்க’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பக்கத்து ரூமுக்குக் களிமண் பிசைய அனுப்பிடுவேன்.”

எனக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

கோடை தொடங்கியதும் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆளை ஒப்படைத்தார்கள். எனக்கு வந்தவள் டார்லீன் கொஸ்கெலா. முப்பது குளிர்காலம் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டிவிட்டு, அந்த வசந்தத்தில்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். தோள் அகலம். குரல் அதைவிட அகலம். லாரி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவள் நூலகத்திலும் அப்படித்தான் பேசினாள்.

“நீயா எனக்கு மெடிகேர் சொல்லித்தரப் போறே? பால் பல்லு விழுந்துருச்சா?”

“விழுந்துருச்சு. நீங்க உக்காருங்க.”

“பென்ஷன் பத்தி இந்த வயசுலயே படிக்கிறியே, உனக்கு வேற ஆசையே இல்லையா? வா, சின்னக் கிழவி. ஆரம்பி.”

அன்றிலிருந்து கோரா என்ற என் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. சின்னக் கிழவிதான்.

வேடிக்கைப் பேச்சுக்குக் கீழே டார்லீனுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் இதயக் குழாயில், அடைப்பைத் திறந்து பிடிக்கும் இரண்டு ஸ்டென்ட். அவற்றை வைத்த டாக்டர் இருப்பது கிரீன் பே நகரில், அடுத்த மாநிலத்தில். எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தரும் கம்பெனித் திட்டங்கள் உண்டு. அவை மலிவுதான். ஆனால் அவற்றின் பட்டியலில் அந்த டாக்டர் இல்லை. “என் நெஞ்சைத் திறந்து பார்த்த ஒரே ஆம்பளை அவன்தான். அவனை விடமாட்டேன்” என்றாள். அப்படியானால் அவளுக்கு வழி ஒன்றுதான். எந்த ஊர் டாக்டரும் ஏற்கும் அரசாங்கக் காப்பீடு, அதன் மேல் ஒரு துணைக் காப்பீடு.

அந்தத் துணைக் காப்பீட்டுக்கு ஒரு கதவு உண்டு. அறுபத்தைந்து முடிந்து பார்ட் B தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம் அது திறந்திருக்கும். அதற்குள் போனால் நெஞ்சில் ஸ்டென்ட் இருந்தாலும், உயிரே ஊசலாடிக்கொண்டிருந்தாலும் கம்பெனி வாய் பேசாமல் விற்றாக வேண்டும். ஆறு மாதம் முடிந்தால் கேள்விகள் கேட்பார்கள். ஸ்டென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மாநிலத்தில் அவர்கள் தாராளமாகக் கதவைச் சாத்தலாம். பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்கு, உச்சவரம்பே இல்லாமல், சாகும்வரை டார்லீன் தலையில்.

“பிறந்த நாள் என்னைக்கு?”

“ஏப்ரல் ரெண்டு.”

ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை கதவு திறந்திருக்கும். விரல் விட்டு எண்ணினேன். வீட்டுக்குப் போய் மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் வந்தது.

அதற்குள் அவள் தேர்ந்தெடுக்க வேண்டியது G-யா N-ஆ என்பது மட்டும்தான். G-க்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வருடத் தொடக்கத்தில் ஒரு சிறு தொகை தவிர அதன் பிறகு டாக்டர் பக்கம் எதுவும் கேட்கமாட்டார்கள். N-க்கு மாதத்தொகை குறைவு. ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பணம் கட்டும் ஜன்னலில் கொஞ்சம் கட்ட வேண்டும். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் G, அந்தப் பக்கம் N என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து லாரிக்காரர்கள் வழக்கப்படி தன் வண்டியில் கண்ணுக்கு மேல் இருக்கும் வெயில் மறைப்பில் செருகிக்கொண்டாள். ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று.

“நீ என்ன சொல்றே?”

“நான் எதுவும் சொல்லக் கூடாது.”

“சரி, சொல்லாதே. மூக்கைச் சொறி. இடது பக்கம் சொறிஞ்சா G.”

“டார்லீன்!”

“அப்போ இருமு. ஒரு இருமலுக்கு G, ரெண்டு இருமலுக்கு N. யாருக்குத் தெரியப்போகுது?”

அன்று உண்மையிலேயே தொண்டை கரகரத்தது. இருமாமல் அடக்கிக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அழுவுறியே, அப்போ N-ஆ?” என்றாள்.

ஆகஸ்ட் மாதம் அந்த மருந்துக் கடை விஷயம் நடந்தது.

கடையில் ஒரு அட்டை தொங்கியது: ‘மெடிகேர் பிளான்களைப் பற்றி எங்கள் மருந்தாளரிடம் கேளுங்கள்’. அதைப் பார்த்ததும் டார்லீனுக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டது. பார்ட் B தொடங்கிவிட்டது, இப்போது பிளான் வேண்டும், ஆகவே வேண்டியது பிளான் B என்று முடிவு கட்டி வரிசையில் நின்றாள். கவுண்டரில் இருந்த பையன் புதியவன். ஏரிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே இருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிளான் B என்பது அந்தக் கவுண்டரில் விற்கும் ஒரு மாத்திரையின் பெயரும்கூட. ராத்திரி அவசரப்பட்டவர்கள், கரு தங்காமல் இருக்க மறுநாள் ஓடிவந்து வாங்குவது.

அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றவள் கிளாடிஸ். தேவாலய மண்டபத்தின் சமையலறை அவள் பொறுப்பில் இருந்தது. ஊர்ச் செய்திகளும் அப்படியே. அவள் வாயால்தான் எல்லோருக்கும் தெரியும்.

“தம்பி, எனக்கு பிளான் B வேணும்” என்றாளாம் டார்லீன், தன் வழக்கமான குரலில்.

பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தானாம். “உங்களுக்கா மேடம்?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

“எப்போ... அது... எப்போ நடந்துச்சு?”

“ஏப்ரல்ல.”

“ஏப்ரலா! ஐயையோ, ரொம்ப லேட் மேடம். மூணு நாளுக்குள்ள வரணும்.”

“மூணு நாளா? யாருகிட்ட கதை விடுறே? ஆறு மாசம் டைம் இருக்கு. கவர்ன்மென்ட்டே சொல்லுது!”

பையன் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோய், “நீங்க டாக்டரைப் பாருங்க மேடம்” என்றானாம். “அதுக்குத்தானேடா இதைக் கேக்குறேன்!” என்று டார்லீன் கவுண்டரைத் தட்டியதில் இருமல் மிட்டாய் டப்பா விழுந்து உருண்டது. கிளாடிஸ் அதைப் பொறுக்குவது போலக் கீழே உட்கார்ந்தவள், சிரிப்பு அடங்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவர் டார்லீனுக்கு வாழ்த்துச் சொன்னார். மாவட்டப் பட்டறையில் பழைய கூட்டாளிகள் கதவில் ஒரு சின்னக் காலுறை ஜோடியைத் தொங்கவிட்டார்கள். டார்லீன் அதைத் தன் வண்டிச் சாவியில் மாட்டிக்கொண்டாள். ஆனால் அவமானம் ஒரு வேலை செய்தது. காப்பீடு என்ற பேச்சை எடுத்தாலே, “செப்டம்பர்ல பாத்துக்கலாம், இப்போ வாயைத் திறந்தா எவனாவது தொட்டில் வாங்கித் தருவான்” என்று தட்டிக் கழிக்கத் தொடங்கினாள்.

ஆகஸ்டின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மறுநாள், செப்டம்பரின் முதல் திங்கள், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை. தேவாலய மண்டபத்தில் மதியம் பிங்கோ. “நீயும் வா, சின்னக் கிழவி. உன் வயசுக்கு ஏத்த இடம்” என்று டார்லீன் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பிங்கோ முடிந்ததும் இரண்டு கம்பெனிகளின் மாதத்தொகையை ஒப்பிட்டுக் காட்டலாம் என்று நான் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எண்களைக் கூப்பிட்டவன் வெர்னன், டார்லீனின் தம்பி. கூண்டைச் சுற்றுவான், ஒரு உருண்டை விழும், எழுத்தையும் எண்ணையும் கத்துவான்; அட்டையில் அது இருந்தால் மை முத்திரை குத்த வேண்டும், முதலில் வரிசை நிரம்பியவர் ஜெயிப்பார். பிங்கோ என்ற சொல்லின் B, I, N, G, O என்ற ஐந்து எழுத்துகள்தான் எல்லா உருண்டைகளிலும். ஆகவே ஐந்தில் ஒன்று B.

“B ஏழு!”

“பிளான்!” என்று மண்டபம் முழுக்கக் கத்தியது.

“B பதினொண்ணு!”

“பிளான்!”

டார்லீன் தன் அட்டையில் முத்திரை குத்தியபடி, “நல்லா கத்துங்கடா, உங்க யாருக்கும் அது தேவைப்படாதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். பெண்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

வெர்னனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எங்க அக்கா மேல தப்பில்லீங்க. அவ பொறந்த நேரம் அப்படி. முட்டாள் தினத்துல பொறந்தவ வேற எப்படி இருப்பா?”

“வாயை மூடு, வெர்னன்! ரெண்டாம் தேதி!”

“ரெண்டாம் தேதி கேக்குக்கு. நீ பொறந்தது ஒண்ணாம் தேதி. ஏப்ரல் ஒண்ணு! அம்மாதான் வெக்கப்பட்டுக்கிட்டு ஊருக்கு ரெண்டுன்னு சொல்லிட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த முத்திரை அட்டையின் நடுவில் நின்றுவிட்டது. அங்கே மை ஊறிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“டார்லீன், நீங்க நெசமாவே ஒண்ணாம் தேதியா பொறந்தீங்க?”

“அது பேப்பர்லதான். நாங்க கொண்டாடறது—”

“கவர்ன்மென்ட் பேப்பர்ல?”

“அதுல ஒண்ணுதான். ஏன்?”

“உங்க மெடிகேர் கார்டுல பார்ட் B எப்போ ஆரம்பம்னு போட்டிருக்கு?”

“மார்ச்சுன்னு போட்டிருந்தான். கவர்ன்மென்ட் வாழ்க்கையில ஒரு தடவையாவது சீக்கிரமா வந்துச்சேன்னு சந்தோஷமா இருந்துச்சு. உங்கிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. மிஸ் பெலாங்கர் வகுப்பில் ஒரே ஒரு முறை சொன்ன விதி எனக்கு ஞாபகம் வந்தது. சட்டத்தின் கணக்கில் ஒருவருக்கு வயது முடிவது பிறந்தநாளன்று அல்ல, அதற்கு முந்தின நாள். ஏப்ரல் ஒன்றில் பிறந்தவருக்கு அறுபத்தைந்து முடிவது மார்ச் முப்பத்தொன்றில். ஆகவே முழு மார்ச் மாதமும் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். முட்டாள் தினத்துக்கு வெட்கப்பட்டு அம்மா பிறந்தநாளை ஒரு நாள் தள்ளி வைத்தாள். சட்டமோ ஒரு மாதத்தையே முன்னால் இழுத்துவிட்டது.

விரல் விட்டு எண்ணினேன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆறாவது விரல் ஆகஸ்டில் முடிந்தது.

“கதவை இன்னைக்கோட சாத்துறாங்க” என்றேன்.

“எந்தக் கதவு? பாத்ரூமா?”

“துணைக் காப்பீட்டுக் கதவு! உங்களுக்கு செப்டம்பர் கிடையாது, டார்லீன். நாளைக்குப் போனா ஸ்டென்டைப் பத்திக் கேப்பாங்க.”

டார்லீன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவள் குரல் முதன்முறையாக நூலகத்துக்கு ஏற்ற அளவுக்கு இறங்கியது.

“ஞாயித்துக்கிழமைம்மா இன்னைக்கு. எவன் போனை எடுப்பான்?”

“போன் வேணாம். நெட்ல போடலாம். கார்டு வெச்சிருக்கீங்களா?”

“பர்ஸ்ல இருக்கு.”

“எழுந்திரிங்க.”

மண்டபத்தில் வைஃபை சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருக்கும் ஜன்னல் ஓரம். அங்கிருந்த குளிர்பெட்டியின் மூடிமேல் மடிக்கணினியை வைத்தேன். ஒரு பக்கம், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி அடுக்கிய தட்டுகள். மறுபக்கம் டார்லீன் மூச்சு வாங்கினாள். கிளாடிஸ் கைத்துண்டைத் தோளில் போட்டபடி, “என்ன, வலி எடுத்துருச்சா?” என்றாள்.

“கிளாடிஸ், இன்னைக்கு வேணாம்” என்றாள் டார்லீன்.

அந்தக் குரலைக் கேட்டதும் கிளாடிஸ் கேலியை விட்டுவிட்டு, சிக்னல் வருவதற்காக ஜன்னலை முழுக்கத் திறந்து, திரைச்சீலையையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரைச்சீலைக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பப் பக்கம் திறந்தது.

“பேரு போட்டாச்சு. பிறந்த தேதி?”

“ஏப்ரல் ரெண்டு.”

“டார்லீன்!”

“ஒண்ணு, ஒண்ணு! அறுபது வருஷப் பழக்கம்டி, வாயில தானா வருது.”

மெடிகேர் எண்ணை அவள் வாசிக்க நான் தட்டினேன். பிறகு அவளைத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். இன்னொரு முறையும் சரிபார்த்தேன். “விடிஞ்சுரும்” என்றாள் கிளாடிஸ். அடுத்த பக்கத்தில் கேள்விகள் வரிசையாக நின்றன. இதயத்தில் எப்போதாவது சிகிச்சை உண்டா? ஸ்டென்ட்? பைபாஸ்? ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறீர்களா? திரையை உருட்ட உருட்டக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

டார்லீன் அவற்றை உதட்டை அசைத்துப் படித்தாள். “முதல் கேள்வியிலேயே நான் அவுட்.”

“இருங்க. மேல ஒரு கட்டம் இருக்கு. ‘பார்ட் B தொடங்கி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கிறேன்’. ஆமான்னு போடணும்.”

கட்டத்தில் சொடுக்கினேன். அவ்வளவு கேள்விகளும் மறைந்துவிட்டன. திரையில் வெள்ளை மட்டும்தான்.

“எங்க போச்சு?” என்றாள் டார்லீன்.

“போச்சு. உங்ககிட்ட கேக்க அவங்களுக்கு உரிமை இல்லை. இன்னைக்கு மட்டும்.”

“திருப்பிக் காட்டு.”

சொடுக்கை எடுத்தேன். கேள்விகள் வந்தன. திரும்பச் சொடுக்கினேன். போயின. டார்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். கிளாடிஸும் நானும் சேர்ந்துகொண்டோம். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று கேட்டுக் கேட்டு ஸ்டென்டை வரவழைத்து விரட்டினோம்.

அதன் பிறகு வந்தது அந்தக் கேள்வி. எந்தப் பிளான்? இரண்டு வட்டங்கள். G. N.

“நீ சொல்லு” என்றாள் டார்லீன்.

“நான் சொல்லக் கூடாது.”

“இங்க உன் டீச்சர் இல்லை. கண்ணைச் சிமிட்டு. ஒண்ணுன்னா G.”

நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன். கிளாடிஸ் வெங்காயம் நறுக்கிய பலகை பக்கத்திலேயே இருந்தது. கண் எரிந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. இமையை மட்டும் மூடவில்லை. “பைத்தியம், பைத்தியம்” என்றாள் டார்லீன். பிறகு பொறுமை இழந்து, சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருக்கும் பரிமாறும் திறப்பில் தலையை நீட்டி, லாரி இரைச்சலுக்கு மேல் பேசும் அந்தக் குரலில் கத்தினாள்:

“வெர்னன்! அடுத்தாப்ல G விழுதா N விழுதா பாரு! எது முதல்ல வருதோ அதைத்தான் நான் எடுக்கப்போறேன்!”

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் என்னவென்று யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் டார்லீன் கொஸ்கெலாவின் வாழ்க்கையில் ஏதோ ஒன்று பிங்கோக் கூண்டில் உருள்கிறது என்பது புரிந்துவிட்டது. வெர்னன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூண்டைச் சுற்றினான்.

“I இருபத்து ரெண்டு.”

“ஊ...” என்றது மண்டபம்.

“O அறுபத்து நாலு.”

“வெர்னன், ஒழுங்கா சுத்துடா!”

“B மூணு!”

“பிளான்!” என்று எல்லோரும் கத்த, டார்லீனே மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

“I பத்தொம்பது.” வரிசை நிரம்பிவிட்ட யாரோ ஒருவர் “பிங்கோ” என்று மெல்லச் சொன்னார். “உக்காருய்யா, இங்க முக்கியமான வேலை நடக்குது” என்று அவரை அமர்த்திவிட்டார்கள். கூண்டு சுற்றியது. உருண்டை விழுந்தது. வெர்னன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“N! N முப்பத்தெட்டு!”

மண்டபம் ஆர்ப்பரித்தது. தொப்பிகள் மேலே போயின. நான் N வட்டத்துக்கு அம்பை நகர்த்தினேன். டார்லீன் என் கையில் ஒரு அடி வைத்தாள்.

“எதுக்கு அதைத் தொடறே?”

“N வந்துச்சே!”

“வெர்னன் சொல்லி நான் வாழ்க்கையில என்னைக்கு ஒரு காரியம் செஞ்சிருக்கேன்? அவன் ‘நேரா போ’ன்னா நான் இடது பக்கம் திரும்புறவ. G போடு.”

“நிச்சயமா?”

“மாசத்துக்கு ஒரு டாக்டரு எனக்கு. ஒவ்வொரு ஜன்னல்லயும் நின்னு பர்ஸைத் துழாவ முடியாது. மாசாமாசம் கூடக் கட்டிட்டு நிம்மதியா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவேன். G.”

“அப்புறம் என்னை எதுக்குக்கா கேட்டே?” என்று மைக்கில் வந்தது வெர்னனின் குரல்.

“நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சாத்தானே அதைச் செய்யாம இருக்க முடியும்!”

G-யில் சொடுக்கினேன். காப்பீடு தொடங்கும் தேதி: செப்டம்பர் ஒன்று. கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரைத் தட்டச் சொன்னது. டார்லீன் தன் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். எல்லாவற்றையும் மேலிருந்து கீழே ஒரு முறை படித்தேன். கீழிருந்து மேலே ஒரு முறை படித்தேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஜன்னலோரச் சிக்னலின் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின.

“யாரு மைக்ரோவேவ் போட்டது?” என்று நான் கத்தினேன். அந்த மண்டபத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

பேஸ்டிக்கு ஊற்றும் குழம்பைச் சூடு பண்ண யாரோ அதைப் போட்டிருந்தார்கள்; அது ஓடினால் வைஃபை படுத்துவிடும். கிளாடிஸ் பாய்ந்து மின்கம்பியையே பிடுங்கினாள். “கெச்சப் ஊத்தித் தின்னுங்கடா, ஒரு நாள் செத்துற மாட்டீங்க!” பேஸ்டிக்குக் குழம்புதான் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தவள் அவள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் மண்டபத்தில் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

கோடுகள் திரும்ப ஏறின. வட்டம் நின்றது. பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.’ கீழே அன்றைய தேதி. நான் தேதியை உரக்க வாசித்தேன். ஆகஸ்ட் முப்பத்தொன்று.

டார்லீன் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு மேடைக்குப் போய் வெர்னன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே எனக்குத் தாராளமா உடம்பு சரியில்லாமப் போகலாம்!”

பனிக்காலத்தில் முதல் சாலை திறந்தால்கூட எங்கள் ஊர் அப்படிக் கைதட்டியதில்லை. வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கு ஒழுகுகிறது என்றான்.

நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினேன். டார்லீன் படியிலிருந்து துள்ளிக் குதிக்கத் தயாராக ஒரு காலைத் தூக்கியிருந்தாள்.

“குதிக்காதீங்க!” என்றேன். “நாளையிலேர்ந்துதான் ஆரம்பம்!”

அவள் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு?”

“இன்னைக்கு அந்த அஞ்சுல ஒரு பங்கு உங்க தலைலதான்.”

டார்லீன் காலை மெல்லக் கீழே வைத்தாள். ஒரு கையால் வெர்னனையும், மறு கையால் படியின் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, ஜனவரி மாதத்து ஐஸில் நடப்பது போல, வெயில் அடிக்கும் ஆகஸ்டில், மூன்று படிகளையும் இறங்கினாள். பேஸ்டியை வேண்டாம் என்றுவிட்டாள், விக்கிக்கொண்டால் என்ன ஆவது என்று. முப்பது குளிர்காலம் பனிப்புயலில் லாரி ஓட்டியவள், வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஆளில்லாத சாலையில் ஊர்ந்து போனாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனார்.

“போய்யா, போ” என்றாள் டார்லீன் கண்ணாடி வழியாக, சந்தோஷமாக. “எனக்கு அவசரமே இல்லை.”